வீடா, ஸ்டுடியோவா, தனி அறையா: ஒரு ஃப்ரீலான்ஸ் இசைக்காரரின் கணக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன விளம்பரப் பாட்டை முழுக்க என் அறையிலேயே முடித்துக் கொடுத்தேன். மெட்டு, கீபோர்டு, தாளம், குரல் எல்லாமே அந்த ஒரே அறையில்தான். கேட்ட வாடிக்கையாளர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: "பாட்டு நல்லா இருக்கு, ஆனா பாடுறவங்க ஏதோ பெட்டிக்குள்ள நின்னு பாடுற மாதிரி இருக்கே?" அந்தப் பெட்டியை அழிக்க மூன்று நாள் போராடினேன். ஈக்வலைசரில் ஒரு பக்கம் குறைத்தால் குரல் மெலிந்தது, இன்னொரு பக்கம் கூட்டினால் பெட்டி திரும்ப வந்தது. கடைசியில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு ஸ்டுடியோவுக்குப் பாடகியை அழைத்துக்கொண்டு போனேன். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது.

பட்ட பாடு போதும் என்று அடுத்த வேலைக்கு நேராக ஸ்டுடியோவுக்கே போய்விட்டேன். அங்கேயே உட்கார்ந்து மெட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு. சுவரில் கடிகாரம் ஓடுகிறது, பக்கத்தில் ஒலிப்பதிவாளர் கைபேசியைப் பார்த்தபடி பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார், எனக்குள் ஒன்றும் வரவில்லை. நான்கு மணி நேர வாடகையைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு பல்லவியோடு திரும்பினேன். மறுநாள் காலையில் வீட்டில் கேட்டபோது அதையும் தூக்கிப் போட்டேன்.

இரண்டு தப்பும் என்னுடையதுதான். இடத்தை மாற்றிப் பயன்படுத்திவிட்டேன். அதற்கப்புறம்தான் எந்த வேலைக்கு எந்த இடம் என்று உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன்.

தனியாகத் தொழில் செய்கிறவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்வது ஒன்று. தேவைப்படும்போது மணிக்கணக்கில் ஸ்டுடியோ எடுப்பது இன்னொன்று. வீட்டுக்கு வெளியே ஓர் அறையை மாத வாடகைக்குப் பிடித்து அதையே பட்டறையாக்கிக்கொள்வது மூன்றாவது. எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் பாட்டில் எத்தனை ஒலிகள் மைக் வழியாக வருகின்றன? கீபோர்டு, சாம்பிள் (முன்பே பதிவான ஒலித்துண்டு), லூப் எல்லாம் கம்பி வழியாகவோ கணினிக்குள்ளேயோ உருவாகின்றன. வெளியே ஓர் அறை இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. குரல், வயலின், புல்லாங்குழல், டிரம்ஸ் ஆகியவை காற்று வழியாக மைக்குக்குப் போகின்றன. அங்கே அறையும் சேர்ந்துதான் பதிவாகும். அப்படிச் சேர்ந்ததை அப்புறம் பிரிக்க அன்னப்பறவையைத்தான் தேட வேண்டும். எதிரொலி நீக்கும் மென்பொருள்கள் முன்னைவிட இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன, பேச்சுக்குப் போதும். பாட்டில் நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தின் வாலையும் சேர்த்துக் கடித்துவிடுகின்றன என்பதுதான் என் அனுபவம்.

கருவி இனி ஒரு காரணம் இல்லை

ஒரு காலத்தில் இந்த ஒப்பீட்டுக்கே அவசியம் இருந்திருக்காது. ஒவ்வொரு ஒலியையும் தனித் தடத்தில் பதியும் பல டிராக் பதிவுக் கருவி ஸ்டுடியோவில்தான் இருக்கும், அதனால் அங்கேதான் போக வேண்டும். 1979-இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரண கேசட்டில் நான்கு டிராக் பதிவு செய்யும் போர்ட்டாஸ்டுடியோ என்ற கருவியைக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் வெளியிட்ட ஓர் ஆல்பம் அப்படிப்பட்ட கருவியில் வீட்டில் தனியாகப் பாடிப் பதிவு செய்ததுதான். முதலில் டெமோவாகத்தான் நினைத்திருந்தார். இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துப் பார்த்தும் அந்த உணர்வு வராததால் கேசட்டில் இருந்ததையே வெளியிட்டார்.

மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்றைய சாதாரண யுஎஸ்பி இன்டர்ஃபேஸ்கூட 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்கிறது. 16 பிட்டில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையில் சுமார் 96 டெசிபெல் இடம் கிடைக்கும், 24 பிட்டில் ஏட்டளவில் 144. உங்கள் வீட்டு மின்விசிறியும் தெருச் சத்தமும் அதில் பெரும்பகுதியை ஏற்கெனவே விழுங்கியிருக்கும். ஆகவே கருவியை மாற்றினால் பதிவு மேம்படும் என்று நினைப்பது, ஓட்டை வாளிக்குப் பெரிய கிணறு தேடுவதுதான்.

வாசிக்கும்போது ஒலி தாமதமாகக் காதில் விழுகிறது என்ற புகாரும் பெரும்பாலும் அமைப்பில் சரியாகிவிடும். பஃபரை, அதாவது கணினி ஒருசேரக் கையாளும் ஒலித்துண்டின் அளவை, 128 சாம்பிளில் (இங்கே சாம்பிள் என்பது ஒலி அளவீட்டுப் புள்ளி) வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் அந்தப் பஃபரால் வரும் தாமதம் 3 மில்லி விநாடிக்கும் கீழே. ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து ஒலி காதுக்கு வரவே அவ்வளவு ஆகும். போகவும் வரவும் சேர்த்தால் தாமதம் இரண்டு மூன்று மடங்காகும். அப்படியும் பெரும்பாலான வாசிப்புக்குத் தொந்தரவு இல்லை. பதிவான ஒலிகளைக் கலந்து சமன்படுத்தும் மிக்ஸிங்குக்கு வரும்போது பஃபரை மறுபடி ஏற்றிக்கொண்டால் கணினி திணறாது.

படுக்கையறையில் பதிவு செய்ததற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷும் அவருடைய அண்ணன் ஃபினியஸும். பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் செய்த ஆல்பம் 2020-இல் கிராமியின் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை வாங்கியது. பார்த்தீர்களா, வீடே போதும் என்று இதைச் சொல்பவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பாட்டுகளில் குரல் கிட்டத்தட்ட முணுமுணுப்பு. மைக்குக்கு ஒட்டிப் பாடும் பாணி, சின்ன அறைக்குப் பொருந்தும் பாணி. இன்னொன்று, மிக்ஸிங்கையும், வெளியிடுமுன் கடைசி மெருகேற்றும் மாஸ்டரிங்கையும் வேறு ஆட்கள் செய்தார்கள். பதிவு வீட்டில், கடைசிக் காதுகள் வெளியே. இந்தப் பிரிவினையைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன்.

வீட்டு அறை: சுவரோடு ஒரு சண்டை

வீட்டில் பதிவு செய்வதில் உண்மையான கஷ்டம் அறையின் அளவு. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. 3 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர்கள் இருந்தால் 57 ஹெர்ட்ஸிலும், அதன் மடங்குகளான 114, 171 ஹெர்ட்ஸிலும் அறை தானாகவே முழங்கும். ஆண் குரலின் அடித்தளம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. எனவே பாடகர் சில ஸ்வரங்களைத் தொடும்போது மட்டும் ஒலி திடீரென்று வீங்கும், அடுத்த ஸ்வரத்தில் ஒடுங்கும். என் வாடிக்கையாளர் பெட்டி என்று சொன்னது இதையும், பக்கத்துச் சுவர்களிலிருந்து உடனே திரும்பி வரும் எதிரொலியையும் சேர்த்துத்தான். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் அறைதான் ரொம்ப மோசம். மூன்று திசையின் முழக்கமும் ஒரே இடத்தில் வந்து குவியும்.

இதற்குப் பலரும் செய்வது, சுவர் முழுக்க மெல்லிய ஃபோம் துண்டுகளை ஒட்டுவது. நானும் ஒட்டினேன். புகைப்படத்தில் அழகாக இருந்தது. ஒரு பொருள் ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அந்த ஒலியின் அலைநீளத்தில் கால் பங்காவது தடிமன் இருந்தால் நல்லது. 1,000 ஹெர்ட்ஸுக்குக் கால் பங்கு என்பது 8.6 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸுக்கு 86 சென்டிமீட்டர். 5 சென்டிமீட்டர் ஃபோம் மேல் பகுதியைத் தின்றுவிடும், சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் பிடி தளர்ந்துவிடும். விளைவு, கீழே முழக்கம் அப்படியே இருக்க, மேலே பளபளப்பு போய்விடும். முன்பு பெட்டி என்றால் இப்போது மூடிய பெட்டி. துணி அலமாரிக்குள் தலையை விட்டுப் பாடுவதிலும் இதே கதைதான். சுவரில் ஒட்டும் முட்டை அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பத்து சென்டிமீட்டர் தடிமனுள்ள ராக்வூல் (பாறை இழை) பலகைகளைத் துணி போர்த்தி, சுவரிலிருந்து இன்னும் பத்து சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தினால் வேறு உலகம். அந்த இடைவெளியும் தடிமன் மாதிரியே வேலை செய்யும். நான்கே பலகை இருந்தால்கூட இரண்டை மூலைகளிலும் இரண்டைப் பாடகரின் முதுகுக்குப் பின்னாலும் வைக்கலாம். முதுகுக்குப் பின்னால் ஏன் என்றால், கார்டியாய்டு மைக் தன் பின்பக்க ஒலியைக் குறைவாகத்தான் எடுக்கும். அதன் முகம் பார்ப்பது பாடகரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். தடிமனான மெத்தை விரிப்பை அங்கே தொங்கவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

மிச்சத்தை நெருக்கம் பார்த்துக்கொள்ளும். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபெல் ஏறும், அறையின் எதிரொலி ஏறாது. மேடையில் கையில் பிடிக்கும் டைனமிக் வகை மைக் அறையை எடுக்காது, ஸ்டுடியோவில் அதிகம் பார்க்கும் கண்டென்சர் வகை எடுத்துவிடும் என்று சொல்கிறார்களே, அதில் பெரும்பகுதி இந்த நெருக்கம்தான். டைனமிக்கை உதட்டருகே பிடிக்கிறோம், கண்டென்சரை ஒரு சாண் தள்ளி வைக்கிறோம். இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவு. ஆனால் ரொம்ப நெருங்கினால் கார்டியாய்டு மைக்கில் அடிக்குரல் தடித்துவிடும், அதை மிக்ஸிங்கில் செதுக்க வேண்டியிருக்கும். ஒலிபரப்பாளர்கள் விரும்பும் ஷூர் எஸ்எம்7பி மாதிரி மைக்குகளை வாங்குமுன் இன்னொன்றையும் பாருங்கள். அதற்கு 60 டெசிபெல் அளவுக்கு கெயின் (ஒலிப் பெருக்கம்) வேண்டும். சில இன்டர்ஃபேஸ்கள் அங்கே போவதற்குள் சீற ஆரம்பித்துவிடும்.

ஒலியை உறிஞ்சுவதும் ஒலியைத் தடுப்பதும் வேறு வேறு வேலை. வெளிச் சத்தம் உள்ளே வராமல் இருக்க எடை வேண்டும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் ஏட்டளவில் 6 டெசிபெல்தான் குறையும். ஃபோமும் ராக்வூலும் அடுத்த வீட்டு நாயை நிறுத்தாது. வாடகை வீட்டில் சுவரை இடித்துக் கட்ட முடியாதவர்களுக்கு ஒரே வழி நேரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். நான் இரவு பதினொன்றுக்கு மேல் பாடுவேன், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு. அப்படிப் பிடுங்கும்போது வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவது ஒலிப்பதிவுக்காரர்களின் பழைய தந்திரம். சாவியைத் தேடிப் போகும்போது பிளக் ஞாபகம் வரும்.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் வீட்டை விடாமல் இருப்பதற்குக் காரணம் திருத்தங்கள். ஃப்ரீலான்ஸ் வேலையில் பாதி நேரம் திருத்தத்தில்தான் போகிறது. பாட்டு முடிந்து இரண்டு வாரம் கழித்து, சரணத்தில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்பார்கள். வீட்டில் பதிவு செய்திருந்தால் மைக் இருந்த இடத்தில் தரையில் ஒட்டிய டேப் இன்னும் இருக்கும். அதே உயரம், அதே தூரம், அதே கெயின். ஒரு மணி நேரத்தில் சொல் மாறிவிடும், யாருக்கும் தெரியாது. ஸ்டுடியோவில் என்றால் மறுபடி தேதி, வாடகை, பயணம், முதல் முறை எந்த மைக் என்ற விசாரணை.

ஸ்டுடியோவில் எதற்குப் பணம் தருகிறோம்

மேசையில் மின்னும் விளக்குகளுக்கு அல்ல என்று நினைக்கிறேன். பெரிய அறைக்கு, அமைதிக்கு, அப்புறம் இன்னொரு மனிதருக்கு. மூன்றாவதை நாம் குறைவாக மதிக்கிறோம். வீட்டில் நானே பாடகருக்கு ஹெட்போன் மிக்ஸ் தருகிறேன், நானே பதிவுப் பொத்தானை அழுத்துகிறேன், நானே ஸ்ருதி விலகுகிறதா என்று கேட்கிறேன், நானே அடுத்த டேக்குக்கு ஊக்கம் சொல்கிறேன். இதில் ஏதோ ஒன்று விட்டுப்போகும். பெரும்பாலும் விட்டுப்போவது ஊக்கம்தான். ஸ்டுடியோவில் நல்ல ஒலிப்பதிவாளர் இருந்தால் நான் பாடகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இசையமைப்பாளராக மட்டும் உட்காரலாம். நாற்பது நிமிடத்தில் அந்த விளம்பரப் பாட்டு முடிந்ததற்கு அறை மட்டும் காரணம் இல்லை.

சில கருவிகளுக்கு வீடு ஒரு வழியே இல்லை. டிரம்ஸ் செட் 100 டெசிபெலைச் சாதாரணமாகத் தாண்டும், பெரும்பாலும் பல மைக் கேட்கும், தாழ்வான கூரையிலிருந்து சிம்பல் சத்தம் திரும்பி வந்து மேல் மைக்குகளில் விழும். நல்ல பியானோ, நாலு பேர் சேர்ந்து பாடும் கோரஸ், ஒன்றாக மூச்சு விட்டு வாசிக்கும் வயலின் குழு எல்லாம் அப்படித்தான். ஒரே வயலின் கலைஞரை எட்டுமுறை வாசிக்க வைத்து அடுக்கலாம். நானும் அடுக்கியிருக்கிறேன். அதே கை, அதே கருவி, அதே அறை எட்டு முறை கேட்கும், எட்டுப் பேர் கேட்காது. ஒவ்வொரு அடுக்குக்கும் நாற்காலியையும் மைக்கையும் கொஞ்சம் இடம் மாற்றினால் ஓரளவு ஒப்பேற்றலாம்.

ஸ்டுடியோவுக்குப் போவதானால் வெறுங்கையோடு போகாதீர்கள். டெம்போ, ஸ்ருதி, கிளிக் (தாளம் காட்டும் டிக் டிக் ஒலி), நீங்களே பாடிய வழிகாட்டி டிராக், எல்லாவற்றையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து ஏற்றுமதி செய்த ஸ்டெம்கள் (வாத்தியவாரியான தனித்தனி ஒலிக்கோப்புகள்), பெரிய எழுத்தில் அச்சிட்ட பாடல் வரிகள் எல்லாம் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். பாடகருக்கும் வழிகாட்டி டிராக்கை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுவேன். வாடகைக் கடிகாரம் ஓடும்போது மெட்டைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பதைவிட வீண் செலவு கிடையாது. வீட்டிலேயே ஒரு தடவை முழுக்கப் பதிவு செய்து பார்த்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. சில சமயம் அந்த ஒத்திகை டேக்கிலேயே ஒரு வரி அற்புதமாக அமைந்து, கடைசியில் அதுவே பாட்டில் இடம்பிடிக்கும்.

தனி அறை

மூன்றாவது வழி கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். வீட்டில் இருந்து வேலையும் வேலையில் இருந்து வீடும் பிரிந்துவிடும். கருவிகளை எடுத்து அடுக்கி மறுபடி மடிக்க வேண்டாம். வாடிக்கையாளரை அழைத்து உட்கார வைக்க ஓர் இடம். ஆனால் வேலை இல்லாத மாதத்திலும் வாடகை வரும். ஃப்ரீலான்ஸ் வருமானம் ஏறி இறங்கும் தன்மையுள்ளது, வாடகைக்கு அந்தத் தன்மை கிடையாது.

என் கணக்கு எளிமையானது. போன ஆறு மாதத்தில் ஸ்டுடியோ வாடகையாகக் கொடுத்ததைக் கூட்டுங்கள். வீட்டுச் சத்தத்தால் மறுபடி செய்த வேலை நாட்களை உங்கள் நாள் கூலியில் பெருக்கி அதோடு சேருங்கள். இந்தத் தொகை ஆறு மாத அறை வாடகையைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் யோசிக்கலாம். ஏறக்குறைய சமமாக இருந்தால் வேண்டாம், ஏனென்றால் அறையைப் பதிவுக்கு ஏற்றபடி ஆக்கும் செலவு இந்தக் கணக்கில் வரவே இல்லை.

அறையைப் பார்க்கப் போகும்போது பகலில் ஒரு முறை, நீங்கள் வேலை செய்யப் போகும் நேரத்தில் ஒரு முறை என்று இரண்டு தடவை போங்கள். சுவரைவிட மாடியையும் கீழ்த்தளத்தையும் கவனியுங்கள். பேஸ் ஒலி கட்டடத்தின் உடம்பு வழியாகவே இறங்கிவிடும், கீழே இருப்பவர் மாடியேறி வந்துவிடுவார். இரண்டு மூன்று இசைக்காரர்கள் சேர்ந்து ஓர் அறையைப் பகிர்வதும் உண்டு. வாடகை குறையும். கூட்டாளிகளில் ஒருவர் டிரம்ஸ்காரர் என்றால் யார் எந்த நேரம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நட்பு நீடிக்கும்.

காது, இரவு, தனிமை

வீட்டில் மிக்ஸிங் செய்வதில் ஆபத்து தொழில்நுட்பத்தைவிடப் பழக்கத்தில் இருக்கிறது. எல்லோரும் தூங்கியபின் ஹெட்போனோடு உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது, ஒலி அளவு ஏறுவதும் தெரியாது. அமெரிக்கத் தொழிலாளர் உடல்நலத்துக்கான நியோஷ் நிறுவனத்தின் பரிந்துரை, 85 டெசிபெலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி. காதுதான் நம் முதல். அதைச் சத்தமாகச் செலவழித்துவிட்டு வட்டிக்கு வாழ முடியாது.

அதற்காக ரொம்ப மெதுவாக வைத்தும் மிக்ஸ் செய்ய முடியாது. ஒலி குறையும்போது பேஸ் நம் காதுக்கு விகிதத்தைவிட அதிகமாகக் குறைகிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வைத்துவிட்டார்கள். நள்ளிரவில் தாழ்ந்த ஒலியில் பேஸை ஏற்றி வைத்தவர் காலையில் காரில் கேட்டுத் திடுக்கிடுவது இதனால்தான். சாதாரணமாகப் பேசினால் கேட்கும் அளவிலேயே பெரும்பகுதியைச் செய்துவிட்டு, சில நிமிடம் மட்டும் ஏற்றிக் கேட்பது என் வழக்கம். முடித்தது என்று நினைத்ததைக் கைபேசியிலும் காரிலும் கேட்காமல் அனுப்புவதில்லை.

தனிமையைப் பற்றி யாரும் ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது, "அந்த இடைஇசை ரொம்ப நீளம்" என்று சொல்ல ஆள் கிடையாது. நாற்பது முறை கேட்ட பாட்டில் நம் காதுக்கு நீளம் தெரியாது. அதனால் பணம் குறைவாக இருக்கும் வேலையிலும் மாஸ்டரிங்கை மட்டுமாவது வெளியே கொடுத்துவிடுவேன். அந்த ஆள் புதிய அறையிலிருந்து, புதிய காதோடு கேட்கிறார். நான் கட்டணம் கொடுப்பது அதற்குத்தான்.

காகிதமும் பணமும்

இடம் மாறினால் ரசீதும் மாறும். ஸ்டுடியோவில் செய்தால் வாடகை என்று ஒரு வரி தெளிவாக இருக்கும், வாடிக்கையாளர் கேள்வி கேட்க மாட்டார். வீட்டில் செய்தால் பதிவு இலவசம் என்று எப்படியோ முடிவு செய்துவிடுகிறார்கள். "உங்க வீட்டிலதானே பண்றீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆகவே இசையமைப்பு, பதிவு, மிக்ஸிங் மூன்றையும் தனித்தனி வரியாக எழுதி, இரண்டு திருத்தம் வரை இந்தத் தொகை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று முன்பே குறித்துவிடுங்கள்.

இன்னொன்று உரிமை. ஒரு பாட்டில் மெட்டுக்கும் வரிக்கும் ஓர் உரிமை, அதன் ஒலிப்பதிவுக்குத் தனியாக ஓர் உரிமை. பல நாடுகளில், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, பதிவுக்கு ஏற்பாடு செய்து செலவழித்தவருக்கே பதிவின் உரிமை போகும். வாடிக்கையாளர் ஸ்டுடியோவுக்குப் பணம் கட்டினால் ஒரு நிலை, உங்கள் அறையில் உங்கள் கருவியில் பதிவு செய்தால் இன்னொரு நிலை. மொத்தமாக விற்கிறீர்களா, பயன்படுத்த மட்டும் அனுமதி தருகிறீர்களா என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் வையுங்கள். வாசித்த கலைஞரிடமும் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், அவர் நண்பராகவே இருந்தாலும். ஸ்ட்ரீமிங் வருமானத்தை நம்பி அறை வாடகையைத் திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஸ்பாட்டிஃபை 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத டிராக்குக்குப் பதிவு ராயல்ட்டி தருவதில்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

பின்னணி இசை, விளையாட்டுகளுக்கான இசை, பாட்காஸ்ட் அறிமுகம், சாம்பிள்களை வைத்துச் செய்யும் எதுவும் என்றால் வீடே போதும், யோசிக்கவே வேண்டாம். அந்தப் பணத்தில் ராக்வூலும் நல்ல நாற்காலியும் வாங்குங்கள். கிட்டாரோடு தானே பாடுபவருக்கும் வீடுதான், ஒரு மூலையைச் சரிசெய்துகொண்டால். மற்றவர்களுடைய குரலைப் பதிவு செய்து தருவதே தொழில் என்றால் மாதத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று பேர் என்றால் ஸ்டுடியோவை மணிக்கணக்கில் எடுங்கள். வாரத்துக்கே மூன்று பேர் என்றால் தனி அறைக் கணக்கைப் போடலாம். டிரம்ஸ் இருக்கும் எதுவும் ஸ்டுடியோதான்.

நான் நடுவில் நிற்கிறேன். மெட்டு, வாத்திய அமைப்பு, என் கீபோர்டு, என் கிட்டார், மிக்ஸிங் எல்லாம் வீட்டில். பாடகர் வெளியாள் என்றால் ஸ்டுடியோ, அதுவும் இரண்டு மூன்று பாட்டைச் சேர்த்து ஒரே நாளில். தனி அறையை ஒருமுறை எடுத்து, ஏழாவது மாதம் விட்டுவிட்டேன். வேலை கூடவில்லை, வாடகையைக் கொடுப்பதற்காக எனக்குப் பிடிக்காத வேலைகளை ஏற்றுக்கொண்டதுதான் கூடியது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இருப்பவருக்கு இதே கணக்கு வேறு விடை தரலாம்.

முடிவெடுக்கும் முன் ஒரு ராத்திரி செலவழித்து இதைச் செய்து பாருங்கள். வீட்டில் மூன்று இடம் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் ஒன்றும் பேசாமல் பதிவு செய்யுங்கள், பிறகு ஒரு கைதட்டு, பிறகு ஒரே பல்லவியை ஒரே தூரத்திலிருந்து பாடுங்கள். கோப்புகளுக்கு இடத்தின் பெயர் வைக்காமல் எண் மட்டும் போட்டு, மறுநாள் காலையில் வேறு யாரையாவது விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். நான் செய்தபோது ஃபோம் ஒட்டிய என் வேலை அறை மூன்றாவதாக வந்தது. முதலாவதாக வந்தது, போர்வைகளும் பழைய புத்தகங்களும் குவிந்து கிடக்கும் நடைவழி. இப்போது மைக் ஸ்டாண்டு அங்கேதான் நிற்கிறது, வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடக்கிறார்கள்.